சோகமும் இல்ல, சந்தோஷமும் இல்ல, சுரத்தே இல்லாம 15 வருஷம். இது குணமா வியாதியா?

உறையூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதுறது இதான் முதல் தடவை, நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கங்க.

வயசு 35, திருச்சி. ஒரு சின்ன பேக்டரில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். கல்யாணமாகி 7 வருஷம், ஒரு பொண்ணு. கடன்னு பாத்தா வீட்டு லோன் மட்டும்தான். பொண்டாட்டி நல்ல மாதிரி, அம்மா கூடவே இருக்காங்க, குடி கிடையாது. யாராவது கேட்டா குறைன்னு சொல்ல ஒண்ணு கூட இல்ல, அதுதான் பிரச்சனையே. காலைல எந்திரிக்கும்போதே ஒரு நாள் வேலை முடிச்ச அசதி இருக்கும். 6 மணிக்கு முழிப்பு வந்துடும், 7 வரைக்கும் மேல சுத்துற பேனை பாத்துக்கிட்டே கிடப்பேன். அப்புறம் எந்திரிச்சு குளிச்சு ஆபீஸ் போய் வேலையெல்லாம் ஒழுங்கா பாத்துடுவேன், ஒரு ஜிஎஸ்டி ரிட்டர்ன் கூட லேட் ஆனது கிடையாது. ஆனா செய்யுற எதுலயும் ருசி இல்ல. பிரியாணியும் ஒண்ணுதான் ரசஞ்சாதமும் ஒண்ணுதான்.

அழுகை வருதான்னா வரல. அப்பா 2019ல தவறினப்ப ஐஸ் பாக்ஸ் சொல்றதுலேருந்து காரியம் வரைக்கும் நான்தான் நின்னு பாத்தேன், ஒரு சொட்டு கண்ணீர் வரல, சொந்தக்காரங்க எல்லாம் "பையன் எவ்ளோ திடமா இருக்கான் பாரு"ன்னாங்க. எனக்குத்தான் தெரியும் அது திடம் இல்ல, உள்ள ஒண்ணுமே ஓடலன்னு.

போன மாசம் காலேஜ் வாட்ஸப் குரூப்ல 2009ல கொடைக்கானல் டூர் போன போட்டோவ ஒருத்தன் போட்டான். எல்லாரும் தோள்ல கை போட்டு இளிச்சுட்டு நிக்கிறாங்க, நான் ஓரமா, இப்ப கண்ணாடில பாக்குற அதே மூஞ்சியோட நிக்கிறேன். "மாப்ள அப்பவே உம்மணாமூஞ்சி"ன்னு ஒருத்தன் போட, 20 பேர் சிரிச்சு எமோஜி போட்டானுங்க, நானும் போட்டேன். அப்புறம் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. 2009லேருந்து இப்ப வரைக்கும் சேந்தாப்புல ஒரு 3 மாசமாச்சும் நல்லா இருந்தோமான்னு யோசிச்சு யோசிச்சு பாத்தேன். பொண்ணு பொறந்தப்ப ஒரு 10, 15 நாள். அவ்ளோதான் கணக்குல வருது. எங்க தொழில் பாஷைல சொன்னா போன வருஷத்து க்ளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருஷத்து ஓப்பனிங் பேலன்ஸ், அப்படியே வருஷா வருஷம் கேரி பார்வர்ட் ஆகிட்டே வருது, எந்த வருஷம் முதல் என்ட்ரி போட்டாங்கன்னே தெரியல.

வீட்ல சொன்னா "நீங்க எப்பவுமே இப்படித்தானே"ங்கிறா. அம்மா ஏழரைச் சனின்னாங்க. விருச்சிக ராசி, ஏழரை 2020லயே முடிஞ்சு போச்சு, சனி போயிட்டாரு, இது போகல.

நெட்ல ஏதோ 9 கேள்வி இருக்குமே, அத போட்டு பாத்தேன், 9 மார்க் வந்துச்சு, "லேசான மன அழுத்தம்"னு போட்டிருக்கு. எனக்கு அழுத்தம்னு எதுவும் இல்லையே சார், யாரும் என்னைய அழுத்தலையே? லேசுன்னா விட்டுடலாமா? இது என் குணமா, இல்ல வியாதியா? குணம்னா மாத்திரை போட்டு மாத்த முடியாதுல்ல. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போனா "இது ஒரு விஷயமா"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு கூச்சமா இருக்கு.

---

பொள்ளாச்சி அக்கா எழுதியது:

தம்பி, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். பேனை பாத்துட்டு கிடக்கிற அந்த ஒரு மணி நேரம் இருக்கே, அதுல நான் 13 வருஷம் கிடந்தவ.

எங்க ஊர்ல முன்னாடி எல்லாம் சாயந்திரம் ஆச்சுன்னா லோ வோல்டேஜ் வந்துரும். டியூப் லைட் மினுக்கு மினுக்குன்னு மினுக்கும், மிக்சி போட்டா ஊங்குமே தவிர சட்னி அரையாது, பேன் சுத்தும் ஆனா காத்து வராது. கரண்ட் போனா உடனே ஈபிக்கு போன் போடுவோம், தெருவே கூடிரும். லோ வோல்டேஜுக்கு யாரும் போன் போட மாட்டோம், கரண்ட்தான் இருக்கேன்னு அதுலயே சமைச்சு அதுலயே படிச்சு பழகிருவோம். எனக்கு வந்ததும் அதுதான், உங்களுக்கும் அதுவா இருக்கலாம். முழுசா நின்னு போயிருந்தா வீட்ல தூக்கிட்டு ஓடியிருப்பாங்க. அரையும் குறையுமா ஓடிட்டு இருந்ததால எனக்கே தெரியல.

நான் காலேஜ் ரெண்டாம் வருஷத்துலேருந்து அப்படித்தான், 2003. டீச்சர் ஆனேன், கல்யாணம் ஆச்சு, ரெண்டு புள்ளைக. "அவ அமைதியான பொண்ணு, எதுக்கும் ஆசப்பட மாட்டா"ன்னு மாமியார் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாங்க. ஆசப்படாம இருக்கறதுக்கும் ஆச வராம இருக்கறதுக்கும் எவ்ளோ தூரம்னு யாருக்கு தெரியும். எச்எம் போஸ்டிங் வந்தப்ப "எதுக்கு வம்பு"ன்னு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அது என் முடிவுன்னு அப்ப நெனச்சேன்.

2016ல முடி கொட்டுது, அசதியா இருக்குன்னு தைராய்டு டெஸ்டுக்கு போனேன். ரிப்போர்ட் நார்மல். அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்ட மூடி வச்சுட்டு "கடைசியா எப்ப பசிச்சு சாப்பிட்டீங்க"ன்னு கேட்டாங்க. யோசிச்சேன், யோசிச்சேன், பதில் வரல, அங்கயே உக்காந்து அழுதேன் தம்பி, எதுக்கு அழறேன்னே தெரியாம. அவங்கதான் மனநல டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தாங்க. கூச்சப்பட்டு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போனேன், அது வேற கதை.

மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரம் குமட்டல், தலைவலி, இதுக்கு அதுவே தேவலன்னு இருந்துச்சு. மூணு வாரம் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்ல. அஞ்சாவது வாரம் பஸ் ஸ்டாண்ட்லேருந்து வீட்டுக்கு ஆட்டோல வந்தேன், 60 ரூபா பேசிட்டு இறங்கும்போது 80 கேட்டான். எப்பவும் குடுத்துட்டு போற ஆளு நான், பேசத் தெம்பு இருக்காது. அன்னைக்கு நின்னு சண்ட போட்டேன். தெருவே பாத்துச்சு. வீட்டுக்குள்ள வந்து தண்ணி குடிக்கும்போதுதான் உறைச்சுது, ஐயோ நான் சண்ட போட்டேனே, 20 ரூபாய்க்கு சண்ட போடற அளவுக்கு எனக்கு தெம்பு இருக்குதேன்னு. என் வீட்டுக்காரர் நான் ஏன் சிரிக்கறேன்னு புரியாம பாத்துட்டு நின்னாரு.

ஒரு தப்பும் பண்ணேன், அதையும் சொல்லிடறேன். நல்லாத்தானே இருக்கோம்னு அஞ்சு மாசத்துல நானா மாத்திரைய நிறுத்திட்டேன், பக்கத்து வீட்டம்மா வேற "இதெல்லாம் பழக்கமாயிரும்"னு பயமுறுத்துனாங்க. மூணு மாசம் கழிச்சு சும்மா லோ வோல்டேஜ் இல்ல, மொத்த கரண்டும் போச்சு. மூணு வாரம் படுக்கைய விட்டு எந்திரிக்கல, குளிக்கல. திரும்பவும் முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதா போச்சு. அதனால போங்க, போனா நீங்களா நிறுத்தாதீங்க.

---

ரிட்டயர்டு சிங்கம் எழுதியது:

எல்லாரும் சேந்து ஒரு நல்ல பையன நோயாளி ஆக்கிடாதீங்க. எங்க காலத்துல 6 புள்ளைங்கள வளத்தாங்க, ஒருத்தருக்கும் டிப்ரஷன் வரல, வர நேரம் இல்ல. காலைல 5 மணிக்கு எந்திரிச்சு காவேரிக் கரையில 4 கிலோமீட்டர் நடங்க, போனை தூக்கி வைங்க, ஒரு மாசத்துல சரியாயிடும். இருக்கறத வச்சு சந்தோஷப்படத் தெரியாத தலைமுறை. ஆஸ்பத்திரி வாசல் மிதிச்சா அப்புறம் வாழ்நாள் பூரா மாத்திரைதான், அவனுக்கு பிசினஸ். கீழ்ப்பாக்கம் சீட்டு ஒரு தடவ கைல வாங்கிட்டா நாளைக்கு பொண்ணுக்கு சம்பந்தம் பேச வர்றவன் என்ன நெனப்பான்னு யோசிங்க.

---

ராத்திரி டூட்டி எழுதியது:

நான் ஒரு மெடிக்கல் காலேஜ்ல சைக்கியாட்ரி பிஜி படிக்கிறேன், இப்ப டூட்டிக்கு நடுவுல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. முதல்ல ஒண்ணு: நேர்ல பாக்காம உங்களுக்கு இதுதான்னு என்னால சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா நீங்க கேட்ட கேள்வி இருக்கே, குணமா வியாதியான்னு, அது எங்க துறையே பல வருஷம் அடிச்சுக்கிட்ட கேள்வி. 1980க்கு முன்னாடி இந்த மாதிரி ஆளுங்கள நியூரோசிஸ்னோ, இவங்க பெர்சனாலிட்டியே சோக டைப்புன்னோதான் எழுதுவாங்க. 1980ல அமெரிக்க மனநல டாக்டருங்க நோய்க் கையேட்டோட (டிஎஸ்எம்) மூணாம் பதிப்பு வந்தப்பதான் இதுக்கு டிஸ்தைமியான்னு பேர் வச்சு, குணக் கணக்குலேருந்து எடுத்து மனச்சோர்வு கணக்குல வச்சாங்க. 2013ல வந்த அஞ்சாம் பதிப்புல, வருஷக்கணக்கா இழுக்கிற பெரிய டிப்ரஷனையும் இதையும் ஒண்ணா சேத்து, விடாம தொடர்ற மனச்சோர்வுங்கிற அர்த்தத்துல பேர மாத்திட்டாங்க. அதனால உங்களுக்கு இந்த குழப்பம் வந்ததுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல, புக்கு எழுதுனவங்களுக்கே இருந்துச்சு.

எப்படி பாப்போம்னா, ரெண்டு வருஷத்துக்கு மேல, பாதிக்கு மேற்பட்ட நாள், நாள் பூரா மனசு மங்கலா இருக்கணும், நடுவுல சேந்தாப்புல ரெண்டு மாசத்துக்கு மேல தெளிவா இருந்திருக்கக் கூடாது. பசி, தூக்கம், தெம்பு, தன்மேல இருக்கிற மதிப்பு, கவனம் இல்ல முடிவெடுக்கிற திறன், நம்பிக்கை, இந்த ஆறுல ரெண்டாச்சும் அடி வாங்கியிருக்கணும். பசி குறைஞ்சாலும் சரி அளவுக்கு மீறி சாப்பிட்டாலும் சரி, தூக்கமும் அப்படித்தான். சின்னப் பசங்களுக்கு ஒரு வருஷம் போதும், அவங்க சோகமா இல்லாம சிடுசிடுன்னு கூட இருக்கலாம், வீட்ல திமிர்னு நெனச்சு அடி விழும். 21 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சா ஏர்லி ஆன்செட்னு சொல்வோம், நீங்க சொல்ற கொடைக்கானல் போட்டோ அங்கதான் நிக்குது. இந்த வயசுல ஆரம்பிக்கிறதுதான் குணம் மாதிரியே ஒட்டிக்கும், ஏன்னா "முன்னாடி நல்லா இருந்தேன்"னு ஒப்பிட்டு பாக்க ஒரு முன்னாடியே இருக்காது.

9 மார்க் பத்தி. அந்த கேள்வித்தாள் (பிஎச்க்யூ-9னு பேரு) கடைசி 2 வாரத்த பத்தி மட்டும்தான் கேக்கும், மொத்தம் 27 மார்க், 5லேருந்து 9 வரைக்கும் லேசு. ஆனா 15 வருஷமா இதே நிலைமைல இருக்கிறவர்கிட்ட "அசதியா இருந்துச்சா"ன்னு கேட்டா, எப்பவும் இருக்கிறது அசதின்னே தோணாது, குறைச்சுத்தான் டிக் அடிப்பார். அதுவும் போக லேசுங்கிறது அன்னைக்கு எவ்ளோ ஆழம்ங்கிறத சொல்லுது, எத்தன வருஷம்ங்கிறத சொல்லல. முழங்கால் தண்ணில ஒரு நாள் நிக்கிறதும் 15 வருஷம் நிக்கிறதும் ஒண்ணா? அந்த 9வது கேள்விய மட்டும் நேர்மையா பாத்துக்கங்க, செத்துட்டா தேவலன்னு தோணுதாங்கிறது. அதுல பூஜ்யம் இல்லன்னா மத்த மார்க்க பாக்காம இன்னைக்கே யார்கிட்டயாவது பேசுங்க, 14416 கவர்மெண்ட் நம்பர், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

மன அழுத்தம்ங்கிற வார்த்தைய பத்தி நீங்க கேட்டது ரொம்ப சரி. நம்ம பத்திரிகைங்க ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதையே போடுறாங்க, டிப்ரஷனுக்கும் அதையே போடுறாங்க. உடனே ஜனங்க அழுத்துறது யாரு, மாமியாரா மேனேஜரான்னு தேட ஆரம்பிச்சுடுறாங்க, ஆள் கிடைக்கலன்னா வியாதியே இல்லன்னு முடிவு. நாங்க ஓபில மனச்சோர்வுன்னுதான் சொல்வோம். காரணம் இல்லாமயும் வரும். குடும்பத்துல யாருக்காச்சும் இருந்திருக்கலாம், சின்ன வயசுல பட்டது ஏதாச்சும் இருக்கலாம், தனியா ஒரு காரணத்த பிடிச்சுக் காட்ட முடியாமயும் இருக்கலாம்.

பொள்ளாச்சி அக்கா மூணு வாரம் படுத்தத சொன்னாங்கல்ல, அதுக்கு டபுள் டிப்ரஷன்னு பேரு, நாள்பட்ட சோர்வு மேல பெரிய சோர்வு ஏறி உக்காந்துக்கிறது. லேசுதானேன்னு விட்டா நாங்க பயப்படுறது இதுக்குத்தான்.

ரிட்டயர்டு சிங்கம் சாருக்கு: நடக்கறது நல்லதுதான் சார், லேசான சோர்வுக்கு உடற்பயிற்சி நிஜமாவே வேலை செய்யுது, நாங்களே எழுதிக் குடுக்கிறோம். ஆனா 5 மணிக்கு எந்திரிச்சு நடக்கிற தெம்புதான் இந்த வியாதி முதல்ல திங்கிறது. கால் உடைஞ்சவன்கிட்ட நடந்தா சரியாப் போயிடும்னு சொல்ற மாதிரி ஆயிடும். ஆயுசு முழுக்க மாத்திரைங்கிறதும் உண்மை இல்ல, நிறைய பேர் டாக்டர் சொல்ற காலம் வரைக்கும் எடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடுறாங்க. கொஞ்ச பேருக்கு வருஷக்கணக்குல தேவைப்படும், சுகர் பிரஷருக்கு போடலையா. அப்புறம் கீழ்ப்பாக்கத்த ஏன் சார் வம்புக்கு இழுக்கிறீங்க, 1794ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, எத்தன குடும்பத்த கரை சேத்திருக்கு, நாமதான் அத வசவு வார்த்தை ஆக்கி வச்சிருக்கோம்.

---

உறையூர்க்காரன் எழுதியது:

டாக்டர், 9வது கேள்விக்கு பூஜ்யம்தான். செத்துடணும்னு தோணினது இல்ல. "இன்னும் எத்தன வருஷம் இப்படியே"ன்னு மட்டும் தோணும். பொள்ளாச்சி அக்கா, ஆசப்படாம இருக்கறதுக்கும் ஆச வராம இருக்கறதுக்கும்னு எழுதினீங்க பாருங்க, அத வீட்ல படிச்சுக் காட்டினேன். அவ ஒண்ணும் சொல்லல, போனை வாங்கி திரும்ப படிச்சா.

ரெண்டு சந்தேகம். ஆபீசுக்கு தெரிஞ்சுடுமா? அந்த மாத்திரை மூளைய மந்தமாக்கி எப்பவும் தூங்க வச்சுடும்ங்கிறாங்களே?

---

ராத்திரி டூட்டி எழுதியது:

நீங்க சொன்னாத்தான் ஆபீசுக்கு தெரியும். 2017 மனநலச் சட்டத்துல நோயாளியோட விவரத்த ரகசியமா வைக்கிறது உரிமைன்னே எழுதியிருக்கு. அதே சட்டத்துல உடம்பு வியாதிக்கு குடுக்கிற மாதிரியே மனசு வியாதிக்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னும் இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது, பாலிசிய எடுத்து பாத்துக்கங்க.

மாத்திரை பத்தி பொதுவா சொல்றேன், உங்களுக்கு எதுன்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி வகை தூக்க மாத்திரை இல்ல. போட்ட உடனே ஜிவ்வுன்னு ஏறவும் ஏறாது, அதனால தேடித் தேடிப் போடற பழக்கம் வராது. ஆனா டக்குனு நிறுத்தினா தலைசுத்தல், எரிச்சல், ஒரு மாதிரி ஷாக் அடிக்கிற உணர்வு எல்லாம் வரலாம், அததான் ஜனங்க அடிமையாயிட்டோம்னு நெனச்சுக்கிறாங்க. முதல் வாரம் வயிறு பிரட்டும். கொஞ்ச பேருக்கு தாம்பத்யத்துல ஆர்வம் குறையலாம், இத டாக்டர்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுட்டு மாத்திரைய குப்பைல போடுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு சொல்லுங்க, மாத்தித் தர வழி இருக்கு. பலன் தெரிய 2லேருந்து 4 வாரம் ஆகும், முழுசா தெரிய இன்னும் மேல ஆகலாம்.

நேர்ல போகும்போது, வாழ்க்கைல எப்பயாச்சும் நாலஞ்சு நாள் தூக்கமே தேவைப்படாம ஏகப்பட்ட வேகத்தோட சுத்தினது, கண்டபடி செலவழிச்சது இருந்தா மறக்காம சொல்லணும். அப்படி இருந்தா அது பைபோலார்ங்கிற வேற வியாதியா இருக்கலாம், இந்த மாத்திரைய மட்டும் தனியா குடுத்தா அந்த வேகத்த கிளப்பி விட்டுடலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாக்க சொல்வாங்க. மாத்திரை மட்டும்தான் வழின்னும் இல்ல, பேச்சு சிகிச்சையும் இருக்கு, நாள்பட்டதுக்கு ரெண்டும் சேந்தா நல்லா கேக்குது. மாவட்ட ஜிஎச்லயே ஓபி இருக்கு, மாத்திரை இலவசம்.

---

ரெண்டு டம்ளர் காபி எழுதியது:

அண்ணா, நான் உங்க வீட்டம்மா இருக்கிற இடத்துல இருந்தவ, அதனால அவங்களுக்காக எழுதறேன்.

என் வீட்டுக்காரர் அழ மாட்டார், படுக்க மாட்டார், எல்லா வேலையும் செய்வார், ஆனா எத கேட்டாலும் "உன் இஷ்டம்". சினிமாக்கு போலாமா, உன் இஷ்டம். பாப்பாக்கு என்ன பேர் வைக்கலாம், உன் இஷ்டம். நான் 4 வருஷம் என்ன நெனச்சேன் தெரியுமா, இவருக்கு என்னை பிடிக்கல, வீட்ல கட்டாயப்படுத்தி கட்டி வச்சுட்டாங்கன்னு. எங்கம்மாட்ட சொல்லி அழுதிருக்கேன். நான் எதிர் சண்டைக்கு போனா அவர் இன்னும் சுருங்குவார், சுருங்கினா எனக்கு இன்னும் கோவம் வரும், பொருள் விழற சத்தத்துக்கெல்லாம் அவர் எரிஞ்சு விழுவார், அந்த எரிச்சலும் இந்த வியாதிதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

டாக்டர் ரூம்ல அவர் சொன்னார், "இவ சந்தோஷமா ஏதாவது சொல்லும்போது எனக்கு பயமா இருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கணுமே"ன்னு. நான் அன்னைக்குத்தான் அந்த மனுஷன பாத்தேன்.

ஒண்ணு மட்டும் கத்துக்கிட்டேன், "என்ன ஆச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க"ன்னு கேக்கவே கூடாது. "ஒண்ணும் இல்ல"ன்னுதான் வரும், அவருக்கே தெரியாதே. அதுக்கு பதிலா "மோட்டார் போட மாடிக்கு போறேன், கூட வாங்க"ன்னு கூப்பிடுவேன், போய் தண்ணி ரொம்பற வரைக்கும் நிப்போம், பேசினாலும் சரி பேசாட்டியும் சரி. உற்சாகப்படுத்தறேன் பேர்வழின்னு கோவா டிக்கெட் எல்லாம் போட்டுடாதீங்க, நான் போட்டேன், அஞ்சாயிரம் தண்டம், ரெண்டு பேரும் ஹோட்டல் ரூம்ல டிவி பாத்துட்டு வந்தோம்.

---

ரிட்டயர்டு சிங்கம் எழுதியது:

நான் சொன்னது எல்லாருக்கும் தப்பா பட்டுடுச்சு போல. நடக்க சொன்னது தப்பாய்யா? மாத்திரைய பத்தி டாக்டர் தம்பி சொன்னத ஏத்துக்கிறேன். சம்பந்த விஷயத்துல நான் சொன்னது நாட்டு நடப்பு, அத மறுக்க முடியாது.

---

பொள்ளாச்சி அக்கா எழுதியது:

நாட்டு நடப்புதாங்கண்ணா, மறுக்கல. எங்க வீட்ல நான் மாத்திரை போடறத நாத்தனார்கிட்ட பி காம்ப்ளக்ஸ்னுதான் சொல்லி வச்சிருக்கேன் இன்ன வரைக்கும். ஆனா பொண்ணுக்கு சம்பந்தம் பேச இன்னும் 20 வருஷம் இருக்கு, அது வரைக்கும் அந்தப் பொண்ணு பாக்கப் போறது அவங்கப்பா மூஞ்சியத்தானே.

---

உறையூர்க்காரன் எழுதியது (5 வாரம் கழிச்சு):

போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு ஜிஎச் ஓபி. சீட்டு வாங்கி வரிசைல உக்காந்தா, எனக்கு முன்னாடி எங்க தெரு அயர்ன்காரர், பின்னாடி ஒரு காலேஜ் பொண்ணும் அவங்கப்பாவும். அயர்ன்காரர் என்னைய பாத்து "நீங்களுமா சார்"ன்னார். ஆமாண்ணேன்னேன். அவ்ளோதான், அதுக்கு மேல ஒண்ணும் பேசல. இதுக்கா 15 வருஷம் பயந்தோம்னு இருந்துச்சு.

டாக்டர் 20 நிமிஷம் கேட்டார். திருப்பி அனுப்பல. அந்த "நாலஞ்சு நாள் வேகம்" கேள்வியும் கேட்டார், எங்க சார் அப்படி ஒரு கொடுப்பினை இருந்திருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேனேன்னேன், சிரிச்சார். தைராய்டு நார்மல், பி12 குறைவா இருக்குன்னு அதுக்கு ஊசி போட்டாங்க. உடனே நான் "அப்ப இவ்ளோ நாளும் பி12தானா சார்"னு ஆசையா கேட்டேன், அதையும் சரி பண்ணுவோம், ஆனா நீங்க சொல்ற கதைக்கு அது மட்டும் பத்தாதுன்னுட்டார். மாத்திரை ஆரம்பிச்சு இப்ப நாலு வாரம் ஓடுது. குமட்டல் எட்டு நாள் இருந்துச்சு. மருந்து வேலை செய்யுதான்னு கேட்டா சத்தியமா சொல்லத் தெரியல. பேனை பாக்குறது ஒரு மணி நேரத்துலேருந்து அரை மணி நேரமா ஆயிருக்கு. அவ்ளோதான் இப்போதைக்கு.

சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு வேலை குடுத்திருக்காங்க, அது எனக்குன்னே செஞ்ச மாதிரி. ஒரு நோட்டுல ஒவ்வொரு நாளும் ஏதாவது சின்ன வேலை எழுதணும், செய்யறதுக்கு முன்னாடி இதுல எவ்ளோ திருப்தி கிடைக்கும்னு 10க்கு மார்க் போடணும், செஞ்சு முடிச்சதும் நிஜமா எவ்ளோ கிடைச்சுதுன்னு பக்கத்துல போடணும். மனசு வந்து செய்யறதுக்காக காத்திருக்கக் கூடாது, செஞ்சா பின்னாடி மனசு வருதான்னு பாக்கணுமாம். பட்ஜெட்டும் ஆக்சுவலும் மாதிரி ரெண்டு கட்டம் போட்டுட்டேன். மூணு வாரக் கணக்கு பாத்தா நான் போடற பட்ஜெட் எப்பவும் 1, இல்ல 0, ஆக்சுவல் 2, 3ன்னு வருது. பழைய சைக்கிள துடைச்சு செயின்ல எண்ணெய் போட்டதுக்கு பட்ஜெட் 1, ஆக்சுவல் 4. அண்ணன் பையன் காதுகுத்துக்கு பட்ஜெட் 2, ஆக்சுவல் 0, அது நான் நெனச்சத விட மோசம், பாதில எந்திரிச்சு வந்துட்டேன். மேடம் அதையும் எழுத சொன்னாங்க. எல்லாத்துக்கும் நஷ்டம்தான் வரும்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற கணக்குப்பிள்ளை ஒருத்தன் எனக்குள்ள உக்காந்திருக்கான்னு தெரியுது, அவன் கணக்கு அடிக்கடி தப்பாவும் இருக்கு.

சிங்கம் சார், சாயந்திரம் கரையில நடக்கிறேன். 5 மணிக்கு இல்ல, அது இந்த ஜென்மத்துல முடியாது. நோட்டுல ஆக்சுவல் 3.

கஷ்டமா இருக்கிறது ஒண்ணுதான். இது வியாதின்னு தெரிஞ்சதும் நிம்மதி வரும்னு நெனச்சேன், ஆனா அந்த 15 வருஷத்த நெனச்சாத்தான் பகீர்னு இருக்கு. பிரமோஷன் வேணாம்னது, பெங்களூர் வேலைய விட்டது, காலேஜ்ல ஒரு பொண்ணுகிட்ட பேசாமயே போனது, இதெல்லாம் நான் எடுத்த முடிவா, இல்ல அது எடுத்ததா? இத யார்கிட்ட கேக்குறது?

---

பொள்ளாச்சி அக்கா எழுதியது:

அந்த பகீர் எனக்கும் வந்துச்சு தம்பி, மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்ச பொறவு வந்துச்சு. எச்எம் போஸ்டிங் இன்னும் என் கண்ணுக்குள்ளதான் இருக்கு. மேடம்கிட்ட அத சொல்லுங்க, நோட்டுல எழுதறதோட விடாதீங்க, அவங்க இருக்கறது அதுக்கும் சேத்துத்தான். சரி, ஆட்டோக்காரன்கிட்ட சண்ட போட்டீங்களா இல்லையா இன்னும்?

---

உறையூர்க்காரன் எழுதியது:

ஆட்டோ இன்னும் ஏறலக்கா. நேத்து பால்காரர்கிட்ட தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னேன். அவர் இல்லன்னார். நானும் விடல.